கப்பல் ஸ்பாவுக்கு மூவாயிரம் ரேண்ட் கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து நாங்கள் போன உல்லாசக் கப்பலின் ஸ்பாவில், ஐம்பது நிமிட மசாஜுக்கு 150 டாலர் என்று விலைப்பட்டியலில் போட்டிருந்தது. அதற்கு அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் எழுத்தில், 18 விழுக்காடு சேவைக் கட்டணம் தனி என்றும் இருந்தது. ஆக 177 டாலர். டாலருக்கு 18 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால் 3,186 ரேண்ட். டர்பனில் நல்ல சலூனிலேயே எழுநூறு எண்ணூறு ரேண்டுக்கு அதே மசாஜ் முடிந்துவிடும். இங்கே 2025 மார்ச்சில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட். அந்தக் கூலிக்கு வேலை பார்க்கிறவர் இந்த ஐம்பது நிமிடத்துக்காக 110 மணி நேரம், அதாவது இரண்டரை வாரம் உழைக்க வேண்டும்.

என் மாமியார் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. பட்டியலை என் கையிலிருந்து வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "என்னா பிள்ளே, முதுகு தேய்க்க மூவாயிரமா? எலும்பையும் மாத்திப் போடுவாங்களா?"

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் டர்பனில் கப்பல் சீசன். நம்மவர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மியர்பேங்க் பக்கம் யாருக்காவது அறுபது வயது நிறைந்தால், முன்பெல்லாம் மண்டபம் பிடிப்பார்கள். இப்போது குடும்பத்தோடு கப்பல் ஏறிவிடுகிறார்கள். பெரும்பாலும் மூன்று இரவு, நான்கு இரவுப் பயணங்கள்தான். மொசாம்பிக் கரைக்குப் போய், பொமேனே கடற்கரையிலோ மபூட்டோவுக்கு எதிரே இருக்கும் போர்த்துகீசியத் தீவிலோ ஒரு பகல் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். போய் வந்தவர்களைக் கோவிலில் பார்த்தால் முதல் கேள்வி சாப்பாடு எப்படி. இரண்டாவது, கேசினோவில் எவ்வளவு விட்டீர்கள். மூன்றாவது, பெண்களிடம் மட்டும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி: ஸ்பா போனீங்களா, காசுக்குத் தகுமா?

எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பல் ஸ்பாவில் ஒருவர் கைபட்டுச் செய்யும் எதற்கும் அந்த விலை தகாது. ஆனால் அங்கே இருக்கும் இடத்துக்கு, அந்தச் சூடான அறைக்கும் அமைதிக்கும், கொடுக்கும் காசு தகும்.

கப்பலுக்கும் குளியலுக்கும் விலை போடுவது புது வழக்கமில்லை. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்புக்காரர்களுக்குத் துருக்கிக் குளியல் இருந்தது. நான்கு ஷில்லிங், அதாவது ஒரு டாலர் சீட்டு. அதே கப்பலின் மூன்றாம் வகுப்பில் எழுநூறு பேருக்கு மொத்தம் இரண்டே குளியல் தொட்டிகள். இதைச் சொன்னபோது அத்தை அசரவில்லை. அவர் டர்பனில் பிறந்தவர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து அப்படி 342 பேரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்து சேர்ந்ததும் நாங்கள் ஏறிய இதே துறைமுகத்துக்குத்தான். "அவங்களுக்கு யாரு எண்ணெ தேய்ச்சாங்க?" என்றார். கப்பல் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவரிடம் அங்கே போய்த்தான் நிற்கும்.

சரி, விலைக்கு வருவோம். எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். டர்பனில் அழகுக்கலை படித்து, சிடெஸ்கோ என்கிற சர்வதேச அழகுக்கலை டிப்ளமா வாங்கி, கப்பல் ஸ்பாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவள். தென்னாப்பிரிக்கப் பெண்கள் இந்த வேலைக்கு நிறையப் போகிறார்கள். ஆங்கிலம் பேசுவார்கள், படிப்பு நல்ல படிப்பு, டாலர் சம்பளம் ரேண்டில் பெருகும். கிளம்புவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை, தீயணைப்பும் உயிர்காப்பும் சொல்லித்தரும் கடல் பாதுகாப்புப் பயிற்சி எல்லாம் முடித்தாக வேண்டும். நான் கப்பலுக்குப் போகிறேன் என்றதும் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, டீ ஆறிப்போகும் வரை பேசினாள். இந்தக் கட்டுரையில் பாதி அவள் சொன்னதுதான்.

பெரும்பாலான கப்பல்களில் ஸ்பா கப்பல்காரருடையது கிடையாது. இடத்தைக் கப்பல் கொடுக்கும், நடத்துவது வேறு நிறுவனம், வருமானத்தில் கப்பலுக்கும் பங்கு. ஒன்ஸ்பாவேர்ல்ட் என்கிற நிறுவனம் உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவற்றுக்கு இப்படி ஸ்பா நடத்துகிறது. 2019இலிருந்து அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் அதன் பங்குகள் விற்கின்றன. நான் போன கப்பலில் யார் நடத்தினார்கள் என்பது இங்கே வேண்டாம். ஒரே மசாஜிலிருந்து இரண்டு முதலாளிகள் லாபம் எடுக்கிறார்கள், இவ்வளவு தெரிந்தால் போதும். அதோடு, நடுக்கடலில் எதிர்க்கடை கிடையாது. விலை பிடிக்கவில்லை என்று இறங்கி அடுத்த தெருவுக்கா போக முடியும்?

தெரபிஸ்டுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கமிஷன். "மசாஜ்ல வர்றதை விட அதுக்கப்புறம் விக்கிற கிரீம்ல வர்றதுதான் ஆன்ட்டி எங்களுக்கு முக்கியம்" என்றாள். அவளுடைய கப்பலில் எண்ணெய், கிரீம், கடற்பாசி மாத்திரை இவற்றுக்கெல்லாம் தனி இலக்கு. வந்தவரின் முதுகைத் தொட்டதுமே எங்கே இறுக்கம் என்று பார்த்து மனதில் குறித்துக்கொள்வாளாம், கடைசியில் எந்தப் புட்டியைக் காட்டுவது என்று முடிவுசெய்ய. மசாஜ் முடிந்து, ஆள் அரைத்தூக்கத்தில் அங்கியைச் சுற்றிக்கொண்டு இஞ்சித் தண்ணீர் குடிக்கும்போது தாளும் பேனாவும் வரும். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதுவது போலவே எழுதுவார்கள்: காலையில் இது, இரவில் இது. பக்கத்துத் தட்டில் புட்டிகள் தயாராக இருக்கும். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கும் அதே தட்டு வந்தது. ஆனால் அவள் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தாள். மசாஜுக்கு முன் உடல்நலப் படிவம் ஒன்று நிரப்பச் சொல்வார்கள். இரத்த அழுத்தம் உண்டா, கர்ப்பமா, எந்த மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும் தாள். அதன் மேற்புறத்திலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்: பொருள் எதுவும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். நான் எழுதியிருந்ததைத் தெரபிஸ்ட் பார்த்தார், சிரித்தார். தட்டு வந்தது, தாள் வரவில்லை. தட்டு மேலிடத்து உத்தரவாக இருக்கும்.

அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. கடல்தொழிலாளர்களுக்கான 2006ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம் ஓய்வு. இதைத் திருப்பிக் கணக்கிட்டால் ஏழு நாளில் 91 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் இருக்கிறது. (மணிக்கணக்கில் உச்சவரம்பு வைக்கும் நாடுகளுக்கு அது 72.) நாள் முழுக்க நின்றபடி, அடுத்தவர் முதுகில் தன் எடையைப் போட்டு அழுத்தும் வேலை. எங்கள் தெருப் பெண்ணின் கட்டைவிரல் மூட்டு இன்னும் சரியாகவில்லை. வீட்டில் சப்பாத்தி மாவு பிசைவதற்குக் கூட அம்மாவைக் கூப்பிடுகிறாள்.

இனி மசாஜ். உடம்புக்கு என்ன செய்கிறது? கொஞ்ச நேரத்துக்கு இதமாக இருக்கும், தசை தளரும், அன்று இரவு நன்றாகத் தூக்கம் வரும். இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. இடுப்புவலிக்கு மசாஜ் உதவுகிறதா என்று காக்ரேன் அமைப்பு 2015இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சிறிது காலத்துக்கு வலி குறைவது தெரிகிறது, ஆதாரம் பலமாக இல்லை என்று முடித்தார்கள். கப்பல் மசாஜ் ஒரே ஒரு தடவை. வருடக்கணக்கில் இறுகிப்போன தோளுக்கு ஐம்பது நிமிடம் எந்த மூலைக்கு? அந்த ஐம்பதிலும் படிவத்துக்கு ஐந்து, உடை மாற்றப் பேச ஐந்து என்று போய்விடும்.

இன்னொன்றை விளம்பரத்தில் போடவே மாட்டார்கள். பல கப்பல்களில் ஸ்பா மேல் தளத்தில், முன்பக்கம் இருக்கும். காட்சி அழகுதான். ஆனால் கப்பலின் முன்னும் பின்னும் ஏறி இறங்கும் ஆட்டம் அதிகமாகத் தெரிவதும் அங்கேதான். நம் கரை சாதுவான கரை கிடையாது. அகுல்யஸ் நீரோட்டம் வடகிழக்கிலிருந்து தென்மேற்காகப் பாய்கிறது. தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால் இரண்டும் முட்டிக்கொண்டு அலை செங்குத்தாக எழும்பும். டர்பனை விட்டு வெளியே வந்த முதல் ராத்திரி அப்படி ஒரு காற்று இருந்தால், குப்புறப்படுத்து மசாஜ் மேசையின் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கிடப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்களோடு வந்த ஒரு அண்ணி பதினைந்தாம் நிமிடம் எழுந்து ஓடிவிட்டார். கட்டணம் முழுசாகப் பிடித்தார்கள். கப்பல் ஏறிய அன்றே முன்பதிவு செய்யச் சொல்லித் தள்ளுபடி காட்டுவார்கள். காற்று எப்படி என்று பார்க்காமல் அவசரப்பட வேண்டாம்.

அடுத்து என் தனிப்பட்ட எரிச்சல்: நச்சு நீக்கம். கடற்பாசிக் கூழைப் பூசி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மேலே போர்வை போட்டு வேகவைப்பது ஒரு வகை. மின்தகடுகளை ஒட்டி லேசான மின்சாரம் பாய்ச்சி அங்குலக் கணக்கில் இடுப்பு குறைகிறது என்று சொல்வது இன்னொரு வகை. நாடாவைப் பிடித்து அளப்பது யார்? விற்கிறவரேதான். முன்னால் தளர்வாகப் பிடித்து, பின்னால் இறுக்கிப் பிடித்தால் ஓர் அங்குலம் எங்கே போனது என்று யார் கேட்பது? குறைவது இருந்தாலும் அது வியர்வை. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும். உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, அவற்றுக்குக் கமிஷன் கிடையாது. கடற்பாசியில் அயோடின் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

சில கப்பல்களில் முகச்சுருக்கத்துக்கான போடாக்ஸ் ஊசியும் போடுகிறார்கள். அதன் பலன் முழுசாகத் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். நீங்கள் வீடு வந்து சேர்ந்து துணி துவைத்து முடித்திருப்பீர்கள். ஒரு புருவம் மேலே ஏறி நின்றால் ஊசி போட்டவர் எந்தக் கடலில் இருப்பாரோ. வேண்டவே வேண்டாம்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். துணி ஆலையில் தையல் இயந்திரத்தின் முன் காலம் தள்ளியவர். டர்பனில் அந்தத் தலைமுறை இந்தியப் பெண்கள் பலருக்கு அதுதான் வாழ்க்கை. வலது தோள் இடது தோளை விடச் சற்று இறங்கியிருக்கும், கழுத்தைத் திருப்பினால் சத்தம் கேட்கும். அவருக்கு ஒரு மசாஜ் வாங்கித்தர வேண்டும் என்பது என் கணவருடைய ஆசை. தேர்ந்தெடுத்தது சூடான கல் மசாஜ், படம் நன்றாக இருந்ததால்.

படிவத்தில் நீரிழிவு என்று குறித்ததும் தெரபிஸ்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். காலில் உணர்ச்சி எப்படி, எத்தனை வருடமாக என்று கேட்டார். அத்தைக்குப் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உண்டு, எங்களிடம் சொன்னதில்லை. அந்தப் பெண் குனிந்து, தன் நகத்தால் பாதத்தின் அடியில் மெதுவாக ஒரு கோடு இழுத்து, தெரிகிறதா என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. சூடு தெரியாத தோலில் கல்லை வைத்தால் புண்ணாகிவிடும், அந்தப் புண் லேசில் ஆறாது. கல் வேண்டாம், தோளுக்கும் கழுத்துக்கும் மட்டும் வெறும் கையால் செய்கிறேன் என்றார், விலையும் குறைத்தே சொன்னார். விற்க வந்தவர் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு இடத்தில் அந்தக் கப்பலின்மேல் எனக்கு மரியாதை வந்தது. நம் ஆட்களில் நீரிழிவு இல்லாத வீடு அபூர்வம். ஆகவே படிவத்தில் மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அழுத்தி அமுக்கும் மசாஜ் செய்தால் கன்றிப்போகும், அதையும் எழுதுங்கள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து வெளியே வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். "கை பழகின கைதான். ஆனா எண்ணெ பத்தல." இவருக்கு முதல் பிள்ளை பிறந்தபோது பக்கத்து வீட்டுக் கிழவி ஒருத்தி தினமும் வந்து நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்து, வெந்நீர் ஊற்றிவிட்டுப் போனாராம். அதை அளவுகோலாக வைத்திருப்பவருக்கு எந்தக் கப்பலும் போதாது.

இப்போது நான் தகும் என்று சொன்ன பக்கம். பெரிய கப்பல்களில் தெர்மல் ஏரியா என்று ஒன்று இருக்கும்: நீராவி அறை, சானா என்கிற உலர்சூட்டு அறை, சூடேற்றிய பீங்கான் சாய்வுப் படுக்கைகள், சிலவற்றில் உப்பு அறை. இதற்குத் தனியாகப் பாஸ் விற்பார்கள், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்க மாட்டார்கள். எங்கள் கப்பலில் பயணம் முழுவதற்கும் ஆளுக்கு 80 டாலர். சேவைக் கட்டணமும் சேர்ந்த மசாஜ் விலையில் பாதிகூட இல்லை, எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம், அங்கே யாரும் எதையும் விற்பதில்லை.

டர்பன் கப்பலின் சத்தம் தெரியாதவர்களுக்கு இது புரியாது. நீச்சல்குளத்தைச் சுற்றி நாள் முழுக்க டிஜே, மேடையில் யாராவது ஆடிக்கொண்டே இருப்பார்கள், சாய்வு நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடிக்கக் காலை ஆறு மணிக்கே ஆள் வரும். எனக்கும் அந்தக் கூத்து பிடிக்கும், பொய் சொல்வானேன். ஆனால் இரண்டாம் நாள் மதியம் தலைக்குள் அந்தத் தாளம் அடித்துக்கொண்டே இருக்கும்போது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ச் சூடான பீங்கானில் சாய்ந்தேன். எதிரே தரையிலிருந்து கூரை வரைக் கண்ணாடி, அதற்கு அப்பால் தண்ணீர். என்னைத் தவிர உள்ளே இருந்தது ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் ஒரு தம்பதி மட்டும். அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆள் ஏற்றும் கப்பலில் சாப்பாடு கொட்டிக்கிடக்கும், பாட்டு கொட்டிக்கிடக்கும், கிடைக்காதது தனிமைதான். காசு கொடுத்து வாங்க வேண்டியது அதைத்தான் என்பேன். முதுகுக்கு வேண்டியதைக் கரைக்கு வந்து, எழுநூறு ரேண்டுக்கு, ஆடாத மேசையில் செய்துகொள்ளலாம்.

பஃபேயில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, இரண்டு பீர் உள்ளே போனபிறகோ நீராவி அறைக்குள் போகக் கூடாது. நீர் வற்றி, இரத்த அழுத்தம் இறங்கி, எழுந்து நின்றதும் தலை சுற்றும். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். பாஸ் வாங்குவதானால் முதல் நாளே வாங்குங்கள், பிறகு கிடைக்காமல் போகலாம். மசாஜ் விஷயத்தில் நான் சொன்னதற்கு இது நேர்மாறு.

இத்தனைக்கும் பிறகு மசாஜ்தான் வேண்டும் என்றால், கப்பல் கரையோரம் நிற்கும் பகலில் கேளுங்கள். பொமேனேயில் கப்பல் நங்கூரம் போட்டதும் எல்லோரும் சிறு படகுகளில் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஸ்பா காலியாகக் கிடக்கும். அன்றைக்குத் தனி விலை போடுவார்கள், போடாவிட்டால் ரிசெப்ஷனில் நீங்களே கேட்கலாம். கப்பலும் அவ்வளவாக ஆடாது. சின்னச் சின்னதாக மூன்று சேர்த்துக் கொடுக்கும் தொகுப்பு அன்று இருந்தால் அது மோசமில்லை. கடலிலேயே கழியும் பகல்களில்தான் கிராக்கி, அன்று விலை இறங்காது. கடற்கரையை விட்டுவிட்டு ஸ்பாவில் கிடப்பதா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தபிறகு எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக பில். 18 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ரசீதில், அதற்குக் கீழே இன்னொரு காலிக் கோடு இருக்கும், கூடுதல் டிப்ஸுக்காக. நம் ஊரில் பில்லில் பத்து விழுக்காடு எழுதிப் பழகியவர்கள் கை தானாக அங்கே போகும். என் கணவர் கை போனது, நான் பேனாவைப் பிடுங்கினேன். தெரபிஸ்டுக்கு நிஜமாகவே கொடுக்க விரும்பினால் ரொக்கமாக அவர் கையில் கொடுங்கள் என்பது எங்கள் தெருப் பெண்ணின் யோசனை; சேவைக் கட்டணத்தில் ஒரு பங்குதான் தனக்கு வந்தது என்றாள். அண்ணி பாதியில் எழுந்து ஓடிய மசாஜுக்கு இரண்டு முறை கட்டணம் ஏறியிருந்தது. இறங்குவதற்கு முந்தைய நாள் மாலையே கணக்கைப் பார்த்ததால் ஒன்றை ரத்து செய்துகொடுத்தார்கள். மறுநாள் காலை கணக்கு கேட்கும் வரிசை மாடிப்படி வரை நீண்டு நின்றது, பெட்டிகளோடு.